குழி வெட்டிய கைகளும் ஒளியிழையின் முனையும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு, கணிப்பொறியில் ஒளியிழை இணைப்பு என்பதாகும். நாம் கல்லூரியில் பயின்றது வரலாறு, மின்னணுவியல் அன்று. ஆகவே பொறியாளர் ஒருவர் உரைப்பது போல் உரைக்க நம்மால் இயலாது. சென்ற ஆண்டு நம் சங்கத்தின் படியெடுக்கும் அறையில் இவ்விணைப்பைச் செய்து முடித்தபோது உடனிருந்து கண்டவற்றையும், கேட்டறிந்தவற்றையும், பிழை செய்து திருத்திக்கொண்டவற்றையும் உங்கள்முன் வைப்பதே நம் நோக்கம். ஒரு கேபிள் இழுத்த செய்திக்கு வெள்ளி விழாவில் இடமா என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் கேபிளை மண்ணில் புதைப்பவர் யார், அதன் முனையைக் கையிலெடுப்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தால், இது நம் சங்கம் பேசவேண்டிய பொருளே என்பது விளங்கும்.

நம் தெருக்களின் அடியில்

முதலில் நம் வட்டாரத்தை நோக்குவோம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்நாளில் நம் தந்தையரும் பாட்டன்மாரும் ஆலை வாயில்களில் வேலை கேட்டு நின்றனர். சிலர் உள்ளே சென்றனர். பலர் வாயிலோடு நின்றுவிட்டனர். உள்ளே சென்றவருள் பெரும்பாலோர் கடைசல் வேலையோ, பற்றவைப்போ, ஏதேனும் ஒரு கைத்தொழிலைக் கற்றிருந்தவர்களே.

இன்று அதே அம்பத்தூரில் தரவு மையங்கள் எழுந்து நிற்கின்றன. 2023இல் என்.டி.டி. நிறுவனம் 6 ஏக்கர் பரப்பில் தரவு மைய வளாகம் ஒன்றை இங்கே திறந்தது. அங்குள்ள கணிப்பொறிகளுக்கு மட்டும் 34.8 மெகாவாட் மின்திறன் என்பது அதன் திட்ட அளவு. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. இவற்றையெல்லாம் உலகோடு பிணைப்பவை கண்ணாடி இழைகளே. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கேபிள் 2002இல் செயற்படத் தொடங்கியது. சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர்க் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பெற்றது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழையைக் கொண்டுசெல்லும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது.

கடலில் வரும் கேபிள் கரையேறிய பின் தெருவின் அடியில்தான் செல்ல வேண்டும். அத்தெருவை வெட்டுவோர் யாவர்? பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்திலும் ஆவடிச் சாலை ஓரத்திலும் இரவு பத்து மணிக்கு மேல் கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்தி நிற்போரைப் பார்த்தால், அவர்களுள் நம் உறவினர் முகம் ஒன்றேனும் தென்படும்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றுவித்தவர் இரட்டைமலை சீனிவாசனார். சாலையில் நடக்கும் உரிமைக்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது. இன்று சாலையின் அடியில் அறிவும் வணிகமும் ஒளியாய் ஓடுகின்றன. மேலே நடக்கும் உரிமை பெற்றுவிட்டோம். கீழே ஓடுவதை நம் கைகளால் குழாயிட்டுப் புதைக்கிறோம். ஆயினும் அது இன்னதென்று அறியாமலே புதைக்கிறோம்.

நம் பகுதி இளைஞர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுவோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவர். ஒன்பது ஆண்டுகள் கேபிள் குழி வெட்டியவர். குழாய் புதைத்து, கேபிளை இழுத்து முடித்தபின், இழைகளை ஒன்றோடொன்று உருக்கி இணைக்கும் சிறு கருவியை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் திறப்பார்களாம். அப்போது இவர் எட்டிப் பார்த்தால், "உனக்கு இங்கே என்ன வேலை? தள்ளி நில், தூசி படும்" என்பார்களாம். தூசி படக்கூடாது என்பது உண்மையே. ஆனால் "கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்" என்று அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒளி எவ்வாறு இழைக்குள் ஓடுகிறது?

நீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி, ஓர் அளவுக்கு மேல் சாய்ந்து வருமாயின், வெளியேறாமல் நீருக்குள்ளேயே திரும்பிவிடும். இது பள்ளிப் பாடத்தில் வரும் முழு அகப் பிரதிபலிப்பு. பாய்ந்து வீழும் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து செல்வதை 1854இல் ஜான் டிண்டால் இலண்டனில் செய்து காட்டினார். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பாருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பலாம் என்று 1954இல் வெளியிட்டார். எனினும் அக்காலக் கண்ணாடியில் சில மீட்டர் தொலைவிலேயே ஒளி மங்கிவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதில் கலந்துள்ள மாசுகளில்தான் என்று 1966இல் எடுத்துரைத்தவர் சார்லஸ் காவ். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒளி எவ்வளவு குன்றுகிறது என்பதை அளக்கும் அலகு டெசிபெல். 3 டெசிபெல் குன்றினால் பாதி ஒளி போயிற்று என்று பொருள். 10 டெசிபெல் குன்றினால் பத்தில் ஒரு பங்கே எஞ்சியது என்று பொருள். ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் அளவிற்கு இழப்பைக் குறைத்தாலே, அதாவது நூற்றில் ஒரு பங்கு ஒளி வந்து சேர்ந்தாலே, இழை பயன்படும் என்றார் காவ். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அவ்வெல்லையைத் தாண்டினர். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்தும் நூற்றில் 95 பங்கு ஒளி எஞ்சுகிறது. மாசு நீக்கினால் ஒளி செல்லும் என்பதே இவ்வறிவியலின் சாரம்.

இழையின் அமைப்பு எளியது. நடுவே ஒளி ஓடும் உள்ளகம். அதைச் சுற்றி வேறுவகைக் கண்ணாடியாலான உறை. உறையோடு சேர்த்துக் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நெடுந்தொலைவுக்குரிய ஒற்றைமுறை இழையில் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரானே. நம் தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பகுதி. கட்டடங்களுக்குள் பயன்படும் பன்முறை இழையில் உள்ளகம் 50 அல்லது 62.5 மைக்ரான். மஞ்சள் உறையிட்டது ஒற்றைமுறை, ஆரஞ்சு அல்லது இளநீல உறையிட்டது பன்முறை என்று கொள்வது வழக்கம். ஒன்றை மற்றொன்றோடு இணைத்தல் கூடாது.

நமக்கு ஏன் இது வேண்டியிருந்தது?

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அத்தகைய இதழ்களின் படிகள் இன்று அரிதினும் அரிது. நம் வீடுகளில் இருந்த பழைய மனுக்களையும், மாநாட்டு மலர்களையும், பள்ளிச் சான்றுகளையும் கறையானும் வெள்ளமும் தின்றன. எஞ்சியவற்றைப் படியெடுத்துக் காப்பதென்று சங்கம் முடிவு செய்தது. அதற்கென ஒரு வொர்க்ஸ்டேஷன், அதாவது மிகுதியான வேலைப்பளுவைத் தாங்கும் கணிப்பொறி, புதிய கட்டடத்தில் வைக்கப்பெற்றது. படிகளைச் சேமிக்கும் கணிப்பொறியோ மைதானத்திற்கு அப்பால், பழைய நூலகக் கட்டடத்தில் உள்ளது. இடையே உள்ள தொலைவு 140 மீட்டர்.

செம்புக் கம்பியாலான சாதாரண வலையமைப்புக் கேபிளுக்கு 100 மீட்டரே எல்லை. அவ்வெல்லையை மீறி இழுத்த செம்புக் கேபிள் தொடக்கமுதலே தடுமாறியது. வடகிழக்குப் பருவமழையின்போது ஒருநாள் அருகில் விழுந்த இடி அதன் வழியே புகுந்து இரு முனைகளிலும் இருந்த கருவிகளை எரித்துவிட்டது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே உலோகம் கலவாத ஒளியிழைக் கேபிளில் இவ்வச்சம் இல்லை. மேலும், ஒரு தாளை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் படியெடுத்தால், சுருக்காத நிலையில் அது ஏறத்தாழ 100 மெகாபைட் ஆகும். வினாடிக்கு 10 மெகாபிட் செல்லும் வழியில் அத்தாள் ஒன்று போய்ச் சேர ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகும். 1 கிகாபிட் வழியில் ஒரு வினாடி போதும். ஆயிரக்கணக்கான தாள்களை எடுக்க வேண்டிய நமக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. வெளியிலிருந்து பழகிய ஆட்களை அழைப்பதே முறை என்றனர் சிலர். "கூலி வேலை செய்பவர்கள் மாதச் சந்தாவாகக் கொடுத்த பணம் இது. பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காக அதைப் பாழாக்கலாமா?" என்று பொருளாளர் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் சங்கத்தின் பெயரிலேயே கல்வி என்னும் சொல் இருக்கிறது. நம் கட்டடத்திலும் நம் இளைஞர்கள் குழி மட்டும் வெட்டிவிட்டுத் தள்ளி நிற்பதென்றால், அச்சொல்லுக்குப் பொருள் யாது? நெடுநேரம் பேசியபின் இரண்டு நிபந்தனைகளுடன் இசைவு கிடைத்தது. செய்யும் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒருவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். முன்னே கூறிய இளைஞரும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் மாணவி ஒருவரும், ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவரும் பொறுப்பேற்றனர்.

செய்முறை

கேபிளை முதலில் கூறுவோம். முனைகளில் இணைப்பிகள் பொருத்தியே விற்கப்பெறும் இரட்டை இழைக் கேபிள் 150 மீட்டர் வாங்கப்பெற்றது. உருக்கி இணைக்கும் கருவி நம்மிடம் இல்லாமையால் இதுவே ஏற்ற வழி. இரண்டடி ஆழத்தில் குழாய் பதித்து, அதனுள் கயிறு விட்டுக் கேபிளை இழுத்தனர். இழுக்கும்போது பிடி இணைப்பியில் இருத்தல் ஆகாது; கேபிளுக்குள் உள்ள வலுநூலில் இருத்தல் வேண்டும். இழுக்கும் வேளையில் வளைவின் ஆரம் கேபிளின் குறுக்களவைப் போல் 20 மடங்குக்கும், பதித்தபின் 10 மடங்குக்கும் குறையலாகாது என்பது பொது விதி. எஞ்சிய நீளத்தை அகன்ற வட்டமாகச் சுற்றிச் சுவரில் மாட்டினர். இரு கட்டடங்களிலும் கேபிள் ஒரு சுவர்ப் பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து கருவிவரை மஞ்சள் நிறமுள்ள குறுங்கேபிள் செல்கிறது.

அடுத்து, அடாப்டர் எனப்படும் வலையமைப்பு அட்டை. கணிப்பொறியை நிறுத்தி, மின் இணைப்பைக் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் அட்டையின் நுண்பகுதிகளைக் கெடுக்கவல்லது. ஆதலால் மணிக்கட்டில் மண்ணிணைப்புப் பட்டை அணிதல் நலம். அட்டையின் பொன்னிறப் பற்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, ஸ்லாட்டில் நேராக அழுத்தி, திருகாணியால் இறுக்க வேண்டும். அட்டையின் வெளிவாயில் விரலளவான ஒளிப்பெட்டி ஒன்றைச் செருகுகிறோம். டிரான்ஸீவர் எனப்படும் இது மின்குறியை ஒளியாக்கும். வரும் ஒளியை மீண்டும் மின்குறியாக்கும். இரு முனைகளிலும் உள்ள ஒளிப்பெட்டிகள் ஒரே வேகமும் ஒரே வகை இழையும் ஒரே அலைநீளமும் உடையனவாய் இருத்தல் வேண்டும். நாம் கொண்டது 1 கிகாபிட் வேகமும் 1310 நானோமீட்டர் அலைநீளமும் உள்ள ஒற்றைமுறை வகை. அட்டையை வாங்குமுன், அது எந்த ஒளிப்பெட்டியை ஏற்கும் என்று கேட்டறிவது இன்றியமையாதது. சில அட்டைகள் தம் நிறுவனத்துப் பெட்டியை மட்டுமே ஏற்கும்.

இந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படவில்லை என்பதால் இல்லை என்று கருதி இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தல் பெருந்தீங்கு விளைக்கும். இதைப் பிள்ளைகள் மும்முறை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முனையைத் துடைப்பது தனி ஒழுங்கு. மூடியைக் கழற்றிய இணைப்பியின் முனையை விரலால் தொடலாகாது. அதற்கென உள்ள துடைப்பானாலோ, இழை உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டோ துடைத்து, உடனே செருகிவிட வேண்டும். 9 மைக்ரான் வாயிலை மறைக்க ஒரு துகள் போதும். தொடாதே என்னும் சொல் நம் மக்களை எவ்வளவு புண்படுத்தியது என்பதை இந்த அவை அறியும். இங்கே அச்சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. அது எல்லார்க்கும் பொதுவாகவும் இருக்கிறது. எவர் விரலாயினும் அதில் உள்ளது அதே எண்ணெய்ப் பசைதான். கையைக் கழுவி முறையை அறிந்த எவரும் இந்த வேலையில் உட்காரலாம்.

ஒளி வரவில்லை

எல்லாம் பொருத்திக் கணிப்பொறியை இயக்கியபோது, இணைப்பு உண்டு என்று காட்ட வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. அன்று மாலை அறையில் நிலவிய அமைதியை நாம் மறக்கவில்லை. பொருளாளர் ஒன்றும் கூறாமல் எழுந்து சென்றார்.

மறுநாள் மாணவி குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு இழைகளுள் ஒன்று அனுப்புவதற்கும் மற்றொன்று பெறுவதற்கும் உரியவை. இம்முனையில் அனுப்பும் வாய், அம்முனையில் பெறும் வாயோடு சேர வேண்டும். இருவர் பேசும்போது ஒருவர் வாய்க்கு நேரே மற்றவர் செவி இருப்பது போன்றது இது. நம் இணைப்பிலோ அனுப்பும் வாய் அனுப்பும் வாயோடும், பெறும் வாய் பெறும் வாயோடும் சேர்ந்திருந்தன. ஒரு முனையில் இரண்டையும் இடம் மாற்றியதும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் நிலைத்து எரியவில்லை. எரிவதும் அணைவதுமாய் இருந்தது.

நம் ஒளிப்பெட்டிகள், தாம் அனுப்பும் ஒளியையும் பெறும் ஒளியையும் தாமே அளந்து கணிப்பொறித் திரையில் காட்டும் வகையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே 15 டெசிபெல் இழப்பு இருந்தது. 140 மீட்டரில் இழையின் இழப்பு மிக அற்பம். இணைப்பிகளையும் சேர்த்தால்கூட 2 டெசிபெலுக்குள் அடங்க வேண்டும். முனைகள் அனைத்தையும் மீண்டும் துடைத்தனர். இழப்பு 11 ஆகக் குறைந்தது. விளக்கும் நிலைத்து எரிந்தது. "எரிகிறதே, இது போதும்" என்றோம் நாம். தலைமை ஆசிரியர்க்குரிய அவசரம் அது. பாடம் முடிந்தால் போதும் என்னும் அவசரம்.

அந்த இளைஞர் இசையவில்லை. "இல்லை சார். பன்னிரண்டு பங்கில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று தங்கச்சி கணக்குப் போட்டுக் காட்டினாள். கொஞ்சம் தூசி படிந்தால் மறுபடியும் அணைந்துவிடும்" என்றார். பிறகு கேபிள் சென்ற வழியெல்லாம் கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஒன்பது ஆண்டுகள் கேபிள் இழுத்த கை அது. மேசைக்குப் பின்னால் மஞ்சள் குறுங்கேபிள் சுவர் மூலையில் நெருக்கி மடக்கப்பெற்று, நைலான் பட்டையால் இறுகக் கட்டப்பெற்றிருந்தது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அவ்வாறு கட்டியவர் நாமே. பட்டையை வெட்டி, அகன்ற வளைவாக விட்டதும், இழப்பு 2 டெசிபெலுக்கும் கீழே வந்தது. கடுமையாக வளைந்த இடத்தில் ஒளி உறையைத் தாண்டி வெளியே கசிந்துவிடுகிறது. இதை ஏட்டில் படிக்குமுன்னே அவர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். "கேபிளை மடக்கினால் அங்கே திட்டுவார்கள் சார். ஏன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்" என்றார்.

முகவரிப் பதிவேடு

ஒளி வந்தபின் முகவரி. வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் உண்டு. வொர்க்ஸ்டேஷனுக்கு 192.168.10.25 என்னும் எண்ணை மாணவி இட்டார். எந்தெந்த எண்கள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்பதை 255.255.255.0 என்னும் முகமூடி எண் கூறும். வெளியுலகிற்குச் செல்லும் வாயிலின் எண் 192.168.10.1. இவை மூன்றையும் உரிய கட்டங்களில் பதிந்து, பிங் என்னும் கட்டளையால் முதலில் வாயிலையும், பின்னர்ச் சேமிப்புக் கணிப்பொறியையும் அழைத்துப் பார்க்க வேண்டும். மறுமொழி வந்தால் வழி திறந்தது என்று பொருள்.

மறுமொழி வந்தது, ஆனால் இடையிடையே தவறியது. மீண்டும் ஒளியில் குறையோ என்று தேடினோம். குறை அங்கே இல்லை. நூலகத்து அச்சுப்பொறிக்கு முன்பே 25 என்னும் எண் தரப்பெற்றிருந்தது. அதை எவரும் எழுதிவைக்கவில்லை. ஒரே வருகை எண்ணை இரு மாணவர்க்கு இட்டால், அழைக்கும்போது எவர் "உள்ளேன் ஐயா" என்பது? வொர்க்ஸ்டேஷனின் எண் மாற்றப்பெற்றதும் தடுமாற்றம் தீர்ந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கருவியின் எண்ணும், அது இருக்கும் இடமும், இட்ட நாளும் ஒரு பதிவேட்டில் எழுதப்பெறுகின்றன. அப்பதிவேட்டின் முதற்பக்கத்தில் மாணவி எழுதிய வாசகம் இது: முதலில் ஒளி, பிறகு முகவரி, அதன்பின் வேலை. குறையைத் தேடும்போதும் இவ்வரிசையிலேயே தேட வேண்டும்.

அடுத்த வாரம் முதற்படி அனுப்பப்பெற்றது. நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் தந்தை நிலவுரிமை கோரி எழுதிய மனு அது. ஓரங்கள் உதிர்ந்த தாள். அது நூலகத்துக் கணிப்பொறிக்குச் சென்று சேர ஒரு வினாடி ஆயிற்று. பொருளாளர் அருகில் நின்று பார்த்தார். "இன்னொரு தடவை அனுப்பு, பார்க்கலாம்" என்றார். அவ்வளவே அவர் கூறியது. ஆயினும் அடுத்த செயற்குழுவில், துடைப்பானும் கருவிகளும் வாங்கும் செலவைத் தாமே முன்மொழிந்தார்.

இனி நாம் செய்யவேண்டுவன

அன்பர்களே! ஒரு குறுங்கேபிளைப் பொருத்திவிட்டதால் நம் துன்பம் தீர்ந்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை. சிறந்த கல்வியும் பட்டமும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். அதில் குறை வைக்கலாகாது. அண்ணல் அம்பேத்கர் நமக்கு வகுத்த கட்டளைகளுள் கல்வியே முதலாவது. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட இளைஞர்களை என் செய்வது? குழி வெட்டுவோர்க்கும் முனையை இணைப்போர்க்கும் இடையே உள்ள தொலைவு சாதியால் வந்தது போல் தோன்றுகிறது. கூலியிலும் அத்தொலைவு தெரிகிறது. அதை அறிவால் கடக்க எத்தனை நாள் ஆகும்? நாம் கண்டவரை, கருத்துடன் கற்கும் ஒருவர்க்குச் சில மாதங்கள் போதும்.

ஆகவே சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, மாதம் இரு சனிக்கிழமைகளில் ஒளியிழை, வலையமைப்பு வகுப்பு நடத்துதல் வேண்டும். கற்றவர் ஒவ்வொருவரும் மேலும் ஒருவர்க்குக் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, இளைஞர்களை முறையான சான்றிதழ் பெறச் செய்தல் வேண்டும். அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் நம் அருகிலேயே உள்ளது. ஒளியிழை இணைப்பாளர் என்னும் பணிக்கு நாடளாவிய திறன் தகுதியும் வகுக்கப்பெற்றுள்ளது. கைத்திறன் இருந்தும் காகிதம் இல்லாமையால் வாயிலில் நின்ற நம் பாட்டன்மாரின் நிலை மீண்டும் வரலாகாது.

மூன்றாவது, உயிர்க் காப்பு. மலக்குழிகளிலும் சாக்கடைகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பின்னும் நாம் உயிர்களை இழந்திருக்கிறோம். கேபிள் செல்லும் நிலத்தடித் தொட்டிகளிலும் நச்சுக் காற்று தேங்கும். காற்றைச் சோதிக்காமல் எவர் சொன்னாலும் இறங்காதீர்கள். தெருவில் மின்கேபிள் இருக்கும் இடத்தைக் கேட்டறியாமல் கடப்பாரையை ஓங்காதீர்கள். உடைந்த இழைத் துண்டு கண்ணுக்குத் தெரியாத முள். அதைத் தரையில் விடாமல் மூடியுள்ள புட்டியில் இடுங்கள். இவற்றைச் சொல்லும் துணிவும் கற்றவர்க்கே வரும். அறியாதவன் தள்ளி நில் என்றால் நிற்பான், இறங்கு என்றால் இறங்குவான். அறிந்தவன் ஏன் என்று கேட்பான்.

ஒரு செய்தியோடு நிறைவு செய்கிறோம். அந்த இளைஞர் இப்போதும் இரவில் குழி வெட்டத்தான் செல்கிறார். அவருடைய வாழ்வு ஓராண்டில் மாறிவிடவில்லை. ஆனால் இணைப்பாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நம் படியெடுக்கும் அறைக்கு வந்து, தம்மைவிட இளைய நால்வர்க்கு முனை துடைக்கக் கற்றுத் தருகிறார். வகுப்பின் தொடக்கத்தில் அவர்களிடம் அவர் கூறும் முதற்சொல் எதுவென்று கேட்டீர்களானால், "கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள்" என்பதே.